எம்.எட். யாருக்கான பட்டம்? உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியரின் முதுகலைக் கல்வி

பள்ளியில் பணியாற்றும் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் எம்.எட். படிக்க முன்வரும்போது, அந்தப் பட்டம் தம் வகுப்பறைக்குப் பயன்படும் என்றே எதிர்பார்க்கிறார். ஆனால் அப்பட்டம் வகுப்பறை ஆசிரியரை முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்டதன்று. அதற்குப் பள்ளியோடு இருந்த பிணைப்பும் காலப்போக்கில் தளர்ந்துபோனது. இந்தியக் கல்வி குறித்த 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை ஆசிரியர் பயிற்சியை வலியுறுத்தியது. 1856இல் சென்னையில் தொடங்கிய அரசு நார்மல் பள்ளியே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பட்டதாரிகளுக்கென்று சென்னைப் பல்கலைக்கழகம் 1886இல் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டத்தை ஏற்படுத்தியது, பி.டி.யும் இன்றைய பி.எட்.டும் அதன் வழிவந்தவை. இந்த வரிசை முழுவதும் பாடம் நடத்தப்போகிறவருக்கானது. 1936இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய எம்.எட். வேறு தேவையிலிருந்து பிறந்தது. பெருகிவந்த பயிற்சிக் கல்லூரிகளுக்கு விரிவுரையாளர்களும் கல்வித்துறைக்கு அதிகாரிகளும் வேண்டியிருந்தனர்.

வகுப்பறைக்கும் எம்.எட்.டுக்கும் இடையிலான இந்த இடைவெளியைத் தெளிவாக உணர்ந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அவர் தலைமையில் 1952-53இல் இயங்கிய கல்விக்குழு, பயிற்சி பெற்றுக் குறைந்தது மூன்றாண்டு ஆசிரியராக இருந்தவரையே பொதுவாக எம்.எட். வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது. பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர், தேர்ந்த தலைமையாசிரியர், ஆய்வு அதிகாரி ஆகியோர் ஒருவர் பணிக்கு மற்றவர் மாறிச் செல்லவும் வழி கேட்டது. கற்பித்த அனுபவத்திலிருந்து கேள்விகள் எழ வேண்டும், அக்கேள்விகளுக்குக் கோட்பாடு விடை தேட வேண்டும் என்ற எண்ணம் இப்பரிந்துரைகளுக்குள் இருக்கிறது. எழுபதாண்டுகளுக்குப் பிறகும் இதைவிடச் சிறந்த சேர்க்கை விதி ஒன்றை நான் காணவில்லை.

நடந்தது மாறானது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது, முதுகலை ஆசிரியருக்குப் பாடத்தில் முதுகலையும் அதனோடு பி.எட்.டும் தகுதிகளாயின. எம்.எட். அங்கே தேவைப்படவில்லை, நெடுங்காலம் அது ஊக்க ஊதிய உயர்வுக்கான பட்டமாகவே பலருக்கு இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் பி.எட்., எம்.எட். இரண்டையும் ஈராண்டுப் படிப்புகளாக்கின. உயர்நிலை, மேல்நிலைக் கல்வியில் சிறப்புப் பிரிவும் வந்தது. ஆனால் அவ்விதிகள் ஆசிரியர் பயிற்றுநர், பாடத்திட்ட வல்லுநர், திட்டமிடுவோர், நிர்வாகி, பள்ளி முதல்வர், ஆய்வாளர் என்று பயனாளிகளை அடுக்குகின்றன. வகுப்பறை ஆசிரியர் அப்பட்டியலில் இல்லை. சேர்க்கைக்குக் கற்பித்த அனுபவமும் கட்டாயமில்லை. ஒரு நாள்கூடப் பள்ளியில் வேலை பார்க்காதவர் எம்.எட். முடித்து நாளைய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாம் என்பது இதன் விளைவு.

மேல்நிலை வகுப்புக்குப் பாட அறிவே முதன்மை, கல்வியியல் முதுகலை எதற்கு என்று கேட்கலாம். பாடப்புலமை இன்றி எவரும் இயற்பியல் நடத்த முடியாது என்பது உண்மையே. ஆயினும் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. மைசூரிலுள்ள மண்டலக் கல்வி நிறுவனம் அறிவியலையும் கற்பித்தலையும் இணைத்து எம்.எஸ்சி.எட். பட்டம் வழங்கிவருகிறது. பணியிலிருப்பவர் ஈராண்டு விடுப்பு எடுப்பது கடினம் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கு விடை, படிப்பைப் பள்ளிக்குள் கொண்டுவருவதுதான்: ஆசிரியர் தம் மாணவர்களின் கற்றலையே ஆய்வுப் பொருளாக்கிப் பணியிலிருந்தபடி பட்டம் பெறட்டும். முதலியார் குழு சொன்ன மூன்றாண்டு அனுபவ விதியைப் பல்கலைக்கழகங்களும் குழுமமும் கொண்டுவர வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பிரிவிலாவது அதை உடனே தொடங்கலாம்.