எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்



தலைப்பில் உள்ள பழமொழி நீங்கள் எல்லோரும் கேட்டதுதான். ஒரு புற்றுநோயின் வரலாற்றில் இது அப்படியே பலித்தது. அந்தக் கதையை இன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது, அது உணவோடு வரும் கிருமிகளைக் கொல்கிறது என்று வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? மருத்துவ உலகமும் இரைப்பையில் கிருமி குடியிருக்க முடியாது என்றே நெடுங்காலம் நம்பியது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், இரைப்பைச் சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது வளைந்த வடிவில் பாக்டீரியாக்களைக் கண்டார். பலர் நம்பவில்லை. பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் மட்டும் அவரோடு சேர்ந்தார்.

கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் பலமுறை முயன்றும் வளரவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால் தட்டுகளை வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் வைத்துவிட்டார்கள். கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் கிருமி அது. 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி வருவதை நிரூபித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி, யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைச் சமன் செய்துகொண்டு பிழைக்கிறது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி புற்றுநோய்க்கு வருவோம். லிம்போமா என்பது நிணநீர் அணுக்களில் வரும் புற்று. நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே அது அதிகம் தோன்றும் இடம் உணவுப்பாதை, அதிலும் இரைப்பை. 1983-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இருவர் இதில் ஒரு தனி வகையை அடையாளம் காட்டினார்கள். அது மெதுவாக வளர்ந்து, நெடுநாள் ஒரே இடத்தில் நிற்கும். இதைத்தான் இன்று ‘மால்ட் லிம்போமா’ என்கிறார்கள்.

இங்கே ஒரு புதிர். ஆரோக்கியமான இரைப்பையில் நிணநீர்த் திசு கிடையாது. இல்லாத இடத்தில் அதன் புற்று எப்படி வந்தது? திருவிழாக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வருவதுபோல, கிருமியை எதிர்க்க நிணநீர் அணுக்கள் இரைப்பைக்கு வருகின்றன. கிருமி பல ஆண்டுகள் போகாமல் இருந்தால் அவையும் அங்கேயே தங்கிப் பெருகுகின்றன. அப்படிப் பெருகியதில் சில தடம் மாறிவிடுகின்றன.

1991-இல் ஐசக்சன் குழுவினர் இந்த நோயுள்ள 110 பேரின் திசுக்களைச் சோதித்தார்கள். 92 சதவீதத்தில் அந்தக் கிருமி இருந்தது. உடனே அடுத்த கேள்வி: கிருமியை ஒழித்தால்? 1993-இல் லான்செட் இதழில் விடை வந்தது. 6 நோயாளிகளுக்குக் கிருமிக்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 5 பேருக்கு மறு பயாப்சியில் லிம்போமா தென்படவில்லை. எரிவதைப் பிடுங்கினார்கள், கொதிப்பது அடங்கியது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் உறவில் ஒருவருக்கு அண்மையில் இந்த நோய் என்று அறிக்கை வந்தது. டாக்டர் முதலில் இரண்டு வார மாத்திரை எழுதிக் கொடுத்தார். “புற்றுநோய்க்கு வெறும் மாத்திரையா? டாக்டருக்கு விவரம் போதாது” என்று ஆளாளுக்குச் சொல்லி, வீட்டாரைக் குழப்பி, மாத்திரையைத் தொடவிடாமல் செய்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பின்னால் இத்தனை ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ஆனால் இதை எல்லா லிம்போமாவுக்கும் பொருத்திவிடாதீர்கள். கிருமி இருந்து, நோய் இரைப்பையோடு நிற்கும்போது சுமார் முக்கால்வாசிப் பேருக்கு இம்முறை பலிக்கிறது. குரோமோசோமில் ஒருவகை இடமாற்றம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. வேகமாக வளரும் வகைகளுக்கு வேறு சிகிச்சை வேண்டும். கட்டி மறைய மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் எண்டோஸ்கோபி செய்து தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

உலகில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே லிம்போமா வருகிறது. ஆகவே பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்நோயின் அறிகுறிகள் மேல்வயிற்று வலி, செரியாமை, குமட்டல், பசியின்மை, எடை குறைவு. எல்லாமே நாம் ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா குடிக்கிற தொல்லைகள்தாம். வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கருத்துப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அவர் பயாப்சி எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வாரன் அந்தக் கிருமியைக் கண்டதே அப்படி எடுத்த ஒரு துணுக்குச் சதையில்தான்.

அனைவரும் நலமுடன் வாழ்க!