ஈராக்கில் அரசு அமைத்தலும் அயல்நாட்டுத் தூதர்கள் மீதான மக்களின் ஐயமும்

2003 மார்ச்சில் தொடங்கிய படையெடுப்புக்குப் பின், ஈராக்கில் யார் ஆள்வது என்பதை முடிவுசெய்ய நடந்த பேச்சுகளில் வாஷிங்டனும் லண்டனும் ஐக்கிய நாடுகள் சபையும் நேரடியாகப் பங்கேற்றன. அவற்றின் தூதர்களின் சொல்லை ஈராக்கியர் பலர் நம்பவில்லை. இதை வெறும் அந்நிய வெறுப்பு என்று ஒதுக்குவது தவறு. அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு நினைவு இருந்தது.

1920இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அது ஒடுக்கப்பட்ட மறு ஆண்டு, பிரெஞ்சுக்காரர்களால் டமாஸ்கஸிலிருந்து விரட்டப்பட்ட ஹிஜாஸ் இளவரசர் பைசலை மன்னராக்க பிரிட்டன் தீர்மானித்தது. ஆட்சிக்கு உரிமை கோரிய பஸ்ரா பிரமுகர் சையித் தாலிபை, உயர் ஆணையர் பெர்சி காக்ஸின் இல்லத்தில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பும்போது பிடித்து, இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். பிறகு நடந்த வாக்கெடுப்பில் பைசலுக்கு 96 விழுக்காடு ஆதரவு என்று அறிவிப்பு வந்தது. 1921 ஆகஸ்ட் 23 அன்று அவர் முடிசூடினார்.

2003 ஜூலை 13 அன்று அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் 25 பேர் கொண்ட ஆளுகைக் குழுவை அமைத்தபோது, பழைய கதை திரும்புவதாகவே பலருக்குத் தோன்றியது. ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துருக்மென் 1, கிறித்தவர் 1 என இடங்கள் பங்கிடப்பட்டிருந்தன. இந்தப் பங்கீட்டை ஈராக்கியர் ‘முஹாஸஸா’ என்பார்கள். உறுப்பினர்களில் பலர் நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள். பாக்தாத் வீழ்ந்த ஏப்ரல் 9ஐத் தேசிய விடுமுறையாக்கியது அக்குழுவின் முதல் முடிவு. 2004 ஏப்ரலில் அது ஏற்ற புதிய கொடி, வெள்ளைத் துணியில் நீலக் கோடுகளோடு இஸ்ரேல் கொடியை நினைவூட்டியதால் கடும் எதிர்ப்பு எழுந்தது, கொடி கைவிடப்பட்டது.

இந்த ஐயத்தைத் தெளிவான கோரிக்கையாக்கியவர் நஜஃபின் மூத்த மதகுரு அலி சிஸ்தானி. அரசியல் சாசனத்தை எழுதுவோரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2003 ஜூன் இறுதியில் அவர் ஃபத்வா வெளியிட்டார். பிரெமரைச் சந்திக்க மறுத்தார். மாகாணக் கூட்டங்கள் வழியே இடைக்கால அவையை அமைக்கும் நவம்பர் 15 உடன்பாட்டையும் ஏற்கவில்லை. 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாதிலும் பல்லாயிரம் பேர் தேர்தல் கேட்டுத் திரண்டனர். ஆக்கிரமிப்பாளர் ஜனநாயகத்தைப் பற்றிப் பேச, ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் வாக்குச்சீட்டைக் கேட்டுத் தெருவில் நின்றார்கள். இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத காட்சி இது.

ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி சிஸ்தானியைச் சந்தித்தார். ஆட்சி கைமாற வேண்டிய நாளாகக் குறிக்கப்பட்ட ஜூன் 30க்குள் தேர்தல் இயலாது என்ற அவரது மதிப்பீட்டை நஜஃப் பொறுத்துக்கொண்டது. கட்சி சாராத நிபுணர்களின் அரசையே பிராஹிமி விரும்பினார். ஆனால் ஆளுகைக் குழு முன்மொழிந்த அயாத் அல்லாவிதான் பிரதமரானார். அவருக்கு சிஐஏவோடு இருந்த பழைய தொடர்பு ஊரறிந்த செய்தி.

2004 ஜூன் 28 அன்று ஆக்கிரமிப்பு சட்டப்படி முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் நீடித்தனர். 2005 டிசம்பர் தேர்தலில் 275 இடங்களில் 128ஐ வென்ற ஷியா கூட்டணி, தன் உள் வாக்கெடுப்பில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் இப்ராஹிம் ஜாஃபரியைப் பிரதமர் வேட்பாளராக்கியது. குர்துகளும் சன்னிகளும் அவரை ஏற்கவில்லை. அமெரிக்கத் தூதர் சல்மே கலில்சாத் வழியாக வாஷிங்டனும் அவரை விலகச் சொல்கிறது என்று ஷியா அரசியல்வாதிகள் கூறினர். 2006 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைசும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவும் பாக்தாத் வந்தனர். தேர்வு ஈராக்கியருடையது, ஆனால் விரைவாக நடக்க வேண்டும் என்றார்கள். அம்மாதமே ஜாஃபரி விலக, அவரது தாவா கட்சியின் நூரி மாலிகி முன்னிறுத்தப்பட்டார். மே 20 அன்று பதவியேற்ற மாலிகியின் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறைக்கும் உள்துறைக்கும் நிரந்தர அமைச்சர்கள் இல்லை; ஜூன் 8 அன்றுதான் நியமிக்கப்பட்டார்கள்.