வடசென்னைச் சமையலறைக் கருவிகளின் வரலாறு

வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றன. சமையலும் உறக்கமும் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் இங்கு மிகுதி. அத்தகைய வீட்டில் எந்தக் கருவி இன்றியமையாதது என்பதை விருப்பம் மட்டும் முடிவுசெய்யவில்லை. எரிபொருள், தண்ணீர், இடம், பெண்களின் நேரம் ஆகிய நான்கும் சேர்ந்தே முடிவுசெய்தன. நகரத்து அடுப்புகளுக்கு வேண்டிய தீக்குச்சி, மண்ணெண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றில் பெரும்பங்கு இதே நிலப்பகுதியில் உருவானது அல்லது வந்திறங்கியது என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம் ஆகும்.

கல்லும் மண்ணும்

தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, முறம், அரிவாள்மணை, மண்சட்டி, அகப்பை ஆகியவை அடிப்படைக் கருவிகளாக இருந்தன. ஒண்டுக்குடித்தன வீடுகளில் முற்றத்திலோ பின்கட்டிலோ கிடந்த ஓர் ஆட்டுக்கல்லைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தின. தேய்ந்து வழவழப்பான கல்லில் மசாலா அரைபடாது. ஆகையால் உளியும் சுத்தியலும் கொண்டு கல்லைக் கொத்திக் கொடுக்கும் தொழிலாளர்கள் “அம்மி கொத்தலையோ” என்று தெருக்களில் கூவி வந்தனர்.

மீன்குழம்புக்கு மண்சட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குச் சுவை மட்டும் காரணமன்று. புளியின் அமிலம் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் உள்ள செம்பைக் கரைத்துக் களிம்பு ஏறச் செய்யும். களிம்பு ஏறிய உணவு உடலுக்குத் தீங்கானது. அதைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்தால் மீண்டும் கூலி கொடுத்துப் பூச வேண்டும். மண்சட்டிக்கு இந்தச் செலவு இல்லை. உடைந்தால் சிறு தொகையில் வேறொன்று வாங்கலாம். அன்றாடக் கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

அலுமினியத்தின் வருகை

1886 இல் மின்பகுப்பு முறை கண்டுபிடிக்கப்பட்ட பின் உலகச் சந்தையில் அலுமினியத்தின் விலை வேகமாகக் குறைந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898 இல் அங்கு அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். உலோக வேலையில் பழகியவர்களின் கைத்திறன் புதிய உலோகத்துக்குத் திருப்பப்பட்டது. 1900 இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி சென்னையில் உருவானது. பின்னர் பள்ளியின் இத்தொழிற்பிரிவு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் தொழிலில் அரசு நேரடியாக ஈடுபடுவதை 1910 இல் இந்திய அமைச்சர் மார்லி ஏற்க மறுத்தார். ஆனால் அதற்குள் அலுமினியப் பாத்திரம் தனக்கெனச் சந்தையைப் பிடித்துவிட்டது.

தொடக்கத்தில் அலுமினியத் தகடு இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. தமிழ்நாட்டில் மேட்டூர் மால்கோ ஆலை 1965 இல் உற்பத்தியைத் தொடங்கியது. எடை குறைவு, விரைவில் சூடேறுவது, ஈயம் பூசத் தேவையின்மை ஆகியவை இப்பாத்திரத்தின் சிறப்புகள். வேலைக்குச் செல்வோரின் தூக்குச்சட்டி முதல் சோற்றுக் குண்டான் வரை அலுமினியம் இடம்பிடித்தது. எனினும் புளிக்குழம்பு நெடுநேரம் இருந்தால் அதுவும் கரையும்; ஆகவே மீன்குழம்பு மண்சட்டியை விட்டு நகரவில்லை. எவர்சில்வர் பரவிய பிறகே உலோகப் பாத்திரத்தில் புளிப்பு உணவை அச்சமின்றி வைக்க முடிந்தது.

தீக்குச்சியும் மண்ணெண்ணெயும்

ஸ்வீடன் நிறுவனத்தின் கிளையாக 1923 இல் தொடங்கப்பட்ட விம்கோ தீப்பெட்டி நிறுவனம் திருவொற்றியூரில் ஆலை நடத்தியது. அப்பகுதியின் விம்கோ நகர் என்னும் பெயர் இன்று மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயராகவும் உள்ளது.

விறகும் கரியும் எரித்த வீடுகளில் புகை பெருந்தொல்லை. பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ் ஆகிய மண்ணெண்ணெய் அடுப்புகள் அதைக் குறைத்தன. நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்பது பெண்களின் வாராந்தர வேலைகளுள் ஒன்றானது. காலியான மண்ணெண்ணெய் டின் தண்ணீர் சுமக்கவும் அரிசி வைக்கவும் பயன்பட்டது.

பம்ப் ஸ்டவ்வில் ஆபத்தும் இருந்தது. அடைப்பு ஏற்பட்டாலோ, காற்றழுத்தம் மிகுந்தாலோ தீ பாயும். குடிசைப் பகுதியில் அது பல வீடுகளை எரித்துவிடும். “ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி” என்பது நாளிதழ்களில் அடிக்கடி வந்த செய்தி. அவற்றுள் சில விபத்து அல்ல, வரதட்சணைக் கொலை என்ற ஐயம் வலுத்தது. 1983 இலும் 1986 இலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ, 304ஆ பிரிவுகள் சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய இறப்புகளும் காரணமாயின.

எரிவாயுவும் மின்சாரமும்

1965 இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 இல் இயங்கத் தொடங்கியது. 1970 இல் எண்ணூர் அனல் மின்நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. அதே காலத்தில் புதிய கருவிகளும் வந்தன. கோயம்புத்தூரில் 1955 இல் சபாபதி மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1959 இல் பிரஸ்டிஜ் குக்கரின் ஆலை பெங்களூருவில் தொடங்கப்பட்டது. 1960களில் சுமீத் மிக்சி வந்தது. குக்கரால் எரிபொருள் மிச்சம். கிரைண்டராலும் மிக்சியாலும் நேரம் மிச்சம். ஆனால் விலையும் மின் இணைப்பும் ஏழைக் குடும்பங்களுக்குத் தடையாக நின்றன. அவர்கள் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் மாவு மில்லுக்கு எடுத்துச் சென்று, கூலி கொடுத்து அரைத்து வந்தனர்.

இத்தடையைத் தமிழக அரசு இரு கட்டங்களாகக் குறைத்தது. 2007 இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கும் திட்டம் தொடங்கியது. தேர்தல் கால இலவசம் என்ற விமர்சனம் எழுந்தது. அரைப்பது வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பு, அதைக் குறைப்பது அரசின் கடமை என்று ஆதரவாளர் வாதிட்டனர். இன்றியமையாத வீட்டுக் கருவி எது என்ற கேள்விக்கு ஓர் அரசே விடையளித்த அரிய நிகழ்வு இது.

குடமும் வாளியும்

விலைப்பட்டியல்களில் முதலிடம் பெறாவிட்டாலும், வடசென்னையில் எல்லாக் கருவிகளுக்கும் முந்தியது பிளாஸ்டிக் குடம். லாரித் தண்ணீருக்கும் அடிபம்புக்கும் குடங்களை வரிசையில் வைப்பது சமையலின் முதல் வேலை. 2010 இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பிறகும் 2019 வறட்சியில் குடங்களின் வரிசை நீண்டது.

அடுப்புக்கான ஆற்றலின் விலையையும் இப்பகுதி கொடுத்துவருகிறது. அனல் மின்நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து மீன்பிடிப்பைப் பாதித்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகம் அருகே சமையல் எரிவாயுக் கப்பல் ஒன்றும் எண்ணெய்க் கப்பல் ஒன்றும் மோதின. கடலில் கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் திரண்டபோது, அதை அள்ளுவதற்குப் பெரிதும் பயன்பட்டவை வீடுகளில் புழங்கும் பிளாஸ்டிக் வாளிகளே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் பரவியதால் மீனவர்கள் தொழிலின்றி முடங்கினர்.

இன்றைய நிலை

ஆட்டுக்கல் பல வீடுகளில் மறைந்துவிட்டது, அம்மி அரிதாகியுள்ளது. குக்கர், மிக்சி, எரிவாயு அடுப்பு ஆகியவை பொதுவாகிவிட்டன. அரிவாள்மணையும் மண்சட்டியும் மட்டும் தொடர்கின்றன. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களுக்கு அரிவாள்மணை வருமானம் தரும் கருவியும்கூட. இரு கைகளும் மீனைப் பிடித்திருக்க, அடிப்பலகையைக் காலால் அழுத்தியபடி வேகமாக வெட்ட அதன் அமைப்பே உதவுகிறது. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மாற்று இன்னும் வரவில்லை.