டோல் ஹவுஸ் விடுதியின் குக்கீ

அமெரிக்க தேசத்தின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், விட்மன் என்னும் சிற்றூரில், 1930-ஆம் ஆண்டில் பழைய வீடொன்றை விலைக்கு வாங்கி, ‘டோல் ஹவுஸ்’, அதாவது சுங்கச் சாவடி, என்று அதற்கு நாமகரணம் செய்து, கணவர் கென்னத்துடன் விடுதி நடத்தி வந்த ரூத் வேக்ஃபீல்ட் அம்மையார்தாம், இன்று எத்தனையோ வீடுகளில் வேகும் சாக்லேட் சிப் குக்கீயைத் தோற்றுவித்தவர். உருகிக் கலந்துவிடும் என்றெண்ணி அவர் சாக்லேட்டை உடைத்துப் போட்டதாகவும், அது தற்செயலாய்த் துண்டு துண்டாகவே நின்றுவிட்டதாகவும் வழங்கும் கதையை நான் ஏற்பதற்கில்லை; மனையியலை முறையாகப் பயின்று 1924-இல் தேறி, அதைப் போதித்தும் வந்த ஒருவர் சாக்லேட்டின் சுபாவத்தை அறியாதிருந்தார் என்பது அவருடைய புத்திக்கு இழைக்கும் அநீதி. நெஸ்லே கம்பெனி அவருடைய பக்குவ முறையைத் தன் சாக்லேட் உறையில் அச்சிட்டதும், இரண்டாம் உலக யுத்தத்தில் கடல் கடந்து சென்ற போர்வீரர்களுக்கு வீட்டார் அந்தக் குக்கீயை அனுப்பியதும் அதன் கீர்த்தியைப் பரப்பின.

ஆயினும், ஆதியில் அது சிறியதாய், மொறுமொறுப்பாய் இருந்த பண்டம்; தடித்து மிருதுவான ரூபம் பிற்காலத்து ருசி. அந்த ரூபத்தைப் பெற, பிசைந்த மாவைக் குளிரில் வைத்து வெண்ணெயை இறுகச் செய்ய வேண்டும்; அது உஷ்ணத்தில் மெல்லவே இளகுவதால், குக்கீ பரந்து மெலிவதற்கு முன்பே ஓரம் இறுகிவிடுகிறது. பழுப்புச் சர்க்கரையின் பாகு ஈரத்தைக் காக்கிறது. நடுப்பாகம் சற்றே வேகாததுபோல் தோன்றும்போதே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும்.

குக்கீ பிறந்த விட்மன் விடுதியோ 1984-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தீக்கிரையாயிற்று.