கரோட்டினாய்டுகள்

கரோட்டினாய்டுகள்: தாவரம், பாசி, பூஞ்சை, பாக்டீரியா ஆகியவை உருவாக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகள். பெரும்பாலானவை 40 கார்பன் அணுக்கள் கொண்டவை, கொழுப்பில் கரையும். 1831இல் வாக்கன்ரோடர் கேரட்டிலிருந்து கரோட்டினைப் பிரித்தெடுத்தார்.

*வகைகள்:* ஆக்சிஜன் இல்லாதவை கரோட்டின்கள் (பீட்டா கரோட்டின், தக்காளியின் லைக்கோப்பீன்); ஆக்சிஜன் உள்ளவை சாந்தோஃபில்கள் (செண்டுமல்லியின் லூட்டின்). மஞ்சள் கிழங்கின் குர்குமினும் செம்பருத்தியின் ஆந்தோசயனினும் இவற்றில் சேரா.

*விலங்குகளில்:* பெரும்பாலான விலங்குகள் இவற்றை உணவிலிருந்தே பெறுகின்றன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இதற்கு நல்ல சான்று. 2022இல் ராம்சர் தளமான இங்கு பெரும் பூநாரைகள் வருகின்றன. சாம்பல் நிறக் குஞ்சாகப் பிறக்கும் பூநாரை, பாசியையும் சிறு ஓட்டுடலிகளையும் தின்றே இளஞ்சிவப்பு நிறம் பெறுகிறது. இறாலில் அஸ்டாசாந்தின் என்னும் கரோட்டினாய்டு புரதத்துடன் பிணைந்திருப்பதால் நிறம் மறைந்திருக்கும். வேகும்போது புரதம் சிதைந்து சிவப்பு வெளிப்படும். முட்டையின் மஞ்சள் கருவுக்கும் கோழித் தீவனத்திலுள்ள சாந்தோஃபில்களே நிறம் தருகின்றன.

*பயன்:* இலைகளில் இவை ஒளியை ஈர்க்கவும், மிகை ஒளியின் தீங்கைத் தடுக்கவும் உதவுகின்றன. உடல் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றுகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கைக் கீரையில் பீட்டா கரோட்டின் மிகுதி. பச்சையம் அதன் நிறத்தை மறைக்கிறது. பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய் ஆகியவற்றிலும் பீட்டா கரோட்டின் உண்டு. சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் உடல் எளிதில் உறிஞ்சும். விலை குறைந்த இக்கீரையும் பழமும் குழந்தைகளின் பார்வைக்கு அரண்.