தோலும் நீரும்

ஓர் ஊரின் வரலாற்றை மன்னர்களையும் போர்களையும் கொண்டு எழுதுவதே நம் வழக்கம். அவ்வாறு எழுதப் புகுந்தால், 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போர்க்களத்தில் உயிர்நீத்த இடம் ஆம்பூர் என்றும், 1806இல் சிப்பாய்கள் புரட்சி செய்த கோட்டை வேலூரில் உள்ளது என்றும் கூறி முடித்துவிடலாம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் மக்கள் என்ன உண்டார்கள், எதைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், எந்த நீரைக் குடித்தார்கள் என்று கேட்போமானால், போர்கள் விடை தருவதில்லை. இவ்வூர்களின் அன்றாட வாழ்வை உருவாக்கியவை இரண்டு: ஒன்று தோல், மற்றொன்று நீர்.

பழைய முறையில் தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக நீர் வேண்டும். பாலாற்று மணலின் அடியில் ஊறிக்கிடந்த நீரே இத்தொழிலை இங்கே அழைத்து வந்தது எனலாம். உப்பிட்டு வந்த பச்சைத்தோலைக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, பின்னர்ப் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். ஆவாரம்பட்டை போதாமற் போனபோது ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலேறி வந்தது. இவ்வாறு பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளின் வழியே இலண்டனுக்குச் சென்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்கும் தென்னாட்டுத் தோல் பயன்பட்டது. வாணிகம் செய்தோரில் முஸ்லிம்கள் மிகுதி. குழியில் இறங்கி உழைத்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களின் கைகளைச் சுண்ணாம்பு அரித்ததையும் சேர்த்தே இவ்வரலாற்றை நாம் நினைக்கவேண்டும்.

அந்தச் செல்வம் பெட்டியிலேயே பூட்டப்பட்டுக் கிடக்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இலும் தோன்றின. தோல் வணிகத்தில் பொருளீட்டி வாரி வழங்கிய சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965இல் ஒரு கல்லூரி எழுந்தது. ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் தொடங்கியது. நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களில் பலர் இக்கல்லூரிகளின் மாணவர்களே.

பின்னர் வந்தது பெருமாற்றம். அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டிற்கு விற்பதைவிட, முழுமையாகப் பதனிட்டு, காலணியாகவும் கையுறையாகவும் செய்து விற்றால் நாட்டிற்கு வருவாயும் வேலையும் பெருகும் என்று 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் அரைப் பதத் தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டப்பட்டது. வாரக்கணக்கில் ஊறவைத்த பட்டையின் இடத்தை, ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும் குரோமிய உப்பு பெரும்பாலும் பற்றிக்கொண்டது. காலணித் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் வேலைக்குச் சென்றோரில் பெருந்தொகையினர் பெண்கள். விடியலில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகளில் சோற்றுப்பாத்திரத்துடன் வந்திறங்கும் பெண்களை நாம் காண்கின்றோம். அவர்களின் கையிற் சேரும் மாதச் சம்பளம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியவும், பெண்பிள்ளைகள் பள்ளிப்படிப்பைத் தொடரவும் துணைநின்றது. இம்மாற்றத்தை முற்றிலும் தீயதென்று கூறுவது நன்றியறிதலாகாது.

ஆனால் கணக்கேட்டில் மறுபக்கமும் உண்டு. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிப்பதற்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றது. அந்நீர் உப்பையும் இரசாயனங்களையும் சுமந்துகொண்டு வெளியேறுகின்றது. பட்டைக் காலமும் முற்றிலும் தூய்மையானதன்று. உப்பும் சுண்ணாம்பும் அன்றும் இருந்தன. தொழில் பெருகப் பெருக, மண் தாங்கும் அளவை அது கடந்துவிட்டது. கிணற்றுநீர் உவர்த்தது; வயல் கரிந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வை எடுத்துக்காட்டிற்று. ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட ஆலைகள் ஒவ்வொன்றின் மீதும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெறுவதற்கு நம் பாலாற்றங்கரையே காரணமாயிற்று. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்த பின்னரும் குறை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கி அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவும், கண்காணிப்புக்குக் குழு அமைக்கவும் மீண்டும் ஆணையிடவேண்டியதாயிற்று.

நீதிமன்றத்தின் சொற்களைவிட வீட்டு முற்றம் தெளிவாகப் பேசும். ஒரு காலத்தில் கிணற்றில் வாளியை இறக்கிய வீடுகளில் இன்று குடிநீர்க் கேன் வந்திறங்குகின்றது. சீரகச்சம்பா அரிசியில் ஆம்பூர்ப் பிரியாணி சமைப்பதற்கும் நீரை விலைகொடுத்து வாங்கும் குடும்பங்கள் உள்ளன. இன்னொரு மாற்றமும் நம் கண்முன் நிகழ்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோலை மதரஸாவிற்கு வழங்குவோம். அத்தோலின் விலை ஏழை மாணவர்களின் உணவுக்கு உதவியது. செயற்கைத் தோலும் மாறிவிட்ட உலகச் சந்தையும் சேர்ந்து அவ்விலையை வீழ்த்திவிட்டன. எந்தத் தொழில் என்றும் நிலைத்திருக்கும் என்று நம் முன்னோர் எண்ணினார்களோ, அதுவும் சந்தையின் காற்றிற்கு அசையும் என்பதை இது உணர்த்துகின்றது.

ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளு செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். தோலை நம்பி வாழும் தொழிலாளியின் கூலியும், அவர் பிள்ளை குடிக்கும் நீரும் ஒன்றுக்கொன்று பகையாக நிற்கவேண்டுமென்ற விதி எதுவுமில்லை. சுத்திகரிப்பிற்கு ஆகும் செலவைத் தொழிலின் அடக்கவிலையில் சேர்க்காமல் விட்டால், அதனைக் கிணற்றுக்காரரும் உழவரும் செலுத்த நேர்கின்றது. ஐம்பதாண்டு வரலாறு காட்டும் பாடம் இதுவே. தோலால் கல்லூரி கட்டிய தலைமுறைக்கு நாம் நன்றி கூறுகின்றோம். அக்கல்லூரிகளில் வேதியியல் பயின்று வெளிவரும் தலைமுறை, இந்த மண்ணுக்கு நல்ல நீரைத் திருப்பித் தருமானால், பின்வருவோர் அவர்களுக்கும் அவ்வாறே நன்றி கூறுவர்.