புலிகுத்திக் கல்லும் பாம்பைப் பிடிக்கும் கைகளும்

நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் புலிகுத்திக் கற்களைக் கண்டிருப்போம். பாயும் புலியின் உடலில் வீரன் ஒருவன் படைக்கலத்தை ஊன்றி நிற்பான். பார்ப்பவருக்கு அவனே வென்றவனாகத் தோன்றுவான். ஆனால் நடுகல் பெரும்பாலும் மாண்டவனுக்கே நடப்படுவது. பட்டியைக் காக்கப் போரிட்டு உயிர்விட்டோர் பலர். வெற்றியையும் சாவையும் ஒரே கல்லில் வைத்த நம் முன்னோர் அதை முரணாக எண்ணியதாகத் தெரியவில்லை.

திருவிவிலியத்தைப் படிக்கையில் நாமோ இடறுகிறோம். தொடக்கநூலின் முதல் அதிகாரம் உயிரினங்களை ஆளும் உரிமையை மனிதனுக்கு வழங்குகிறது. யோபு நூலில் கடவுளோ லிவியத்தானைச் சுட்டி, மனிதனின் வலுவின்மையை அவனுக்கு உணர்த்துகிறார். எண்ணிக்கை நூலில் பாம்புக்கடியால் இஸ்ரயேலர் மடிகின்றனர். மாற்கு நற்செய்தியின் இறுதியிலோ நம்பிக்கை கொண்டோர் பாம்புகளைக் கையால் பிடிப்பர் என்னும் வாக்குறுதி இருக்கிறது.

தொடக்கநூலைச் சற்று ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். ஆளும் உரிமை தரப்பட்ட அதே அதிகாரத்தில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் செடிகொடிகளும் கனிகளுமே உணவு. விலங்குகள் மனிதருக்கு அஞ்சும் என்ற செய்தி வெள்ளப்பெருக்குக்குப் பின், ஒன்பதாம் அதிகாரத்தில்தான் வருகிறது. இரண்டும் ஒரே ஆட்சி அல்ல.

மாற்கு 16:9-20 பகுதி நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான், சீனாய்க் கையெழுத்துப் படிகளில் இல்லை. ஆயினும் 1546-இல் திரிதெந்து பொதுச்சங்கம் மறைநூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்றது. எனவே அதை ஒதுக்கிவிட்டுத் தப்பிக்க நமக்கு வழியில்லை! அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் ஹென்ஸ்லி என்பவர் 1910-ஐ ஒட்டி அவ்வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, வழிபாட்டில் நச்சுப் பாம்புகளை ஏந்தலானார். 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார்.

பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதித்த அலகையும் மறைநூலைத்தான் காட்டியது. அது எடுத்தாண்டது திருப்பாடல் 91-இன் 11, 12 வசனங்கள். சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றிய 13-ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டது. ஆண்டவரோ கடவுளைச் சோதிக்க மறுத்தார்.

மால்டாவில் பவுலடியாரும் பாம்பைத் தேடிப் போகவில்லை. கப்பல் உடைந்து, மழையிலும் குளிரிலும் கரையேறியவர்களுக்காக மூட்டிய தீயில் இடச் சுள்ளி பொறுக்கினார். விரியன் வெளிப்பட்டுக் கையைப் பற்றியது. பட்டிக்குள் புகுந்த புலியை எதிர்த்த நம் வீரனை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. பவுல் பாம்பைத் தீயில் உதறினார். தீவினர் அவரை முதலில் கொலைகாரன் என்றனர். தீங்கொன்றும் நேராதது கண்டு தெய்வம் என்றனர். அவரோ தீவின் தலைவருடைய தந்தை காய்ச்சலாய்க் கிடந்த இடத்துக்குச் சென்று, இறைவனை வேண்டி அவர்மீது கைகளை வைத்தார்.